ஒப்புதல்: அண்ணி

7 ஜூன் 2010

அன்புள்ள எலிக்குஞ்சுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். நம் லிஃப்ட் பட்டறையும் நலம். கோபித்துக்கொள்ளாதே, உறையின் மேல் உன் பெயரையும் பட்டத்தையும் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். உறைக்குள்ளே எழுதுவது என் இஷ்டம். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நான் நுழைந்த அன்று, பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தாயே, அன்று வைத்த பெயர் இது. நீ பெரிய ஊரில் ஆபீஸ் திறந்துவிட்டாய் என்பதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிப்பாய். என்ன செய்ய? நீ செய்துகொடுத்த புது ஏற்பாட்டில் மெயில் எழுதினால் ஊரே படிக்கிறது. மொத்தப் பட்டறைக்கும் ஒரே கணக்கு. போன வாரம் உனக்கு என் முழங்கால் வலியைப் பற்றி எழுதினேன். மறுநாள் நம் ஹெட் மெக்கானிக் ஸ்பேனர் வந்து, "அண்ணி, முட்டி இப்போ மடங்குதா?" என்று கேட்கிறான். ஹெட் மெக்கானிக் லிஃப்டைப் பார்த்தால் போதாதா, என் முட்டியையும் பார்க்க வேண்டுமா? போன் செய்தால் நீ எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறாய். அதனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்தைத் தடவித் தடவிப் படித்துக்கொள்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பெரிய கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர் தூக்கிப் போய்விட்டார். அதற்கு மட்டும் தனி அறை, தனி ஏசி. நாமெல்லாம் வியர்வையில் குளித்தோம், அது மாப்பிள்ளை மாதிரி குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது. இப்போது அந்த இடத்தில் உன் அண்ணன் நாற்காலி போட்டுக்கொண்டார். லிஃப்ட் குழியில் விழுந்த பிறகு அவர் பட்டறைக்கு வந்து உட்காருவதே இப்போதுதான். நீ செய்த புண்ணியம்.

நம் கணக்கெல்லாம் எங்கே போச்சு என்று ஸ்பேனர் கேட்டான். எங்கேயோ ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரில் நமக்கு ஒரு மூலை வாடகைக்கு என்று, நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "அப்போ வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னா என்ன அண்ணி பண்றது?" என்றான். "உன்னை முதல்ல அனுப்புவேன்" என்றேன்.

ஆனால் விஷயம் பிரமாதம்தான், ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் எல்லார் போனுக்கும் மெசேஜ் பறக்கிறது. போன வருஷம் யார் கயிறு மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், எல்லாம் ஒரு தட்டில் வந்து நிற்கிறது. ஆளுக்கொரு கணக்கு என்றால் ஆளுக்கொரு வாடகை, ஒன்றே போதும் என்று நீ சொன்னதும் சரிதான். என்ன பெயர் வைப்பது என்று அந்தப் பெட்டி கேட்டபோது யோசிக்கக்கூடச் செய்யாமல் 'அண்ணி' என்று அடித்தாயே. அப்போது என் கண்ணில் ஏதோ தூசி விழுந்தது. பாஸ்வேர்டை நான் சொல்கிறேன் என்று உன் பட்டப்பெயரைச் சொன்னேன், பட்டறையே சிரித்தது. யாரும் மறக்கக்கூடாது என்று சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது எண்ணெய் போட்டாலும் அண்ணி, பில் போட்டாலும் அண்ணி. யார் பட்டனைத் தட்டினாலும் அடியில் 'ஒப்புதல்: அண்ணி' என்று விழுகிறது. முட்டி வலியோடு ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் ஏறி இறங்குகிறேன், போ.

உன் அண்ணனை எலும்பு டாக்டரின் மூன்றாம் மாடிக்குக் கால் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். அந்தக் கட்டடத்து லிஃப்ட் கிழடு, முனகிக்கொண்டே ஏறும். எங்கள் வீட்டில் இருப்பவர் மாதிரியே. அதனால் இரண்டையும் தவறாமல் கவனித்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


19 ஜூன் 2010

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. ஆபீஸில் பிரித்துப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டார். முதல் வரியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைக் காட்டினேன்.

சுவரில் எழுதியதை உடனே அழியுங்கள் அண்ணி. பாஸ்வேர்டு என்பது வீட்டுச் சாவி மாதிரி.

இன்னொன்று. குறிப்பு எழுதும் கட்டத்தில் வாடிக்கையாளர்களைக் கிண்டல் செய்யாதீர்கள். 'நான்காம் மாடி வக்கீல், லிஃப்டைவிட வாய்க்குத்தான் பிரேக் தேவை' என்று ஒரு இடத்தில் பார்த்தேன். நாம் எழுதுவதை இனி வெளியாட்களும் பார்க்கலாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பெரிய லிஃப்ட் நிறுவனத்து ஆட்களைச் சந்தித்தேன். நம்மைப் போன்ற சின்ன நிறுவனம் இதையெல்லாம் இவ்வளவு சீக்கிரம் செய்ததை அவர்களால் நம்பவே முடியவில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்தபடியே நம் கட்டடங்கள், ஒப்பந்தங்கள், ஆட்கள் எல்லாவற்றையும் திரையில் காட்டினேன். பட்டறைக்கு வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். தேவையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

வளர்ச்சிக்கு நல்ல வாய்ப்பு. நேரில் பேசலாம். அண்ணனிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், வீணாகக் கவலைப்படுவார்.

தங்கள்,
கொழுந்தன்


2 ஜூலை 2010

எலிக்குஞ்சுக்கு,

வக்கீலைப் பற்றி எழுதியதை அழித்துவிட்டேன். இப்போது 'நான்காம் மாடி வக்கீல், மிகவும் அமைதியானவர்' என்று இருக்கிறது. பொய் சொல்லச் சொன்னது நீ.

சுவரில் இருப்பதை அழிக்கவில்லை. நம் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் நம் வீட்டில் கை நனைத்தவர்கள். இவர்களிடம் எதைப் பூட்டி வைக்க?

ஆனால் உன் கடிதத்தில் ஒன்று தொண்டையில் நிற்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்காமல் போட்டோ போதும் என்று சொன்னால், அவர்களுக்கு வேண்டியது பெண் இல்லை என்று அர்த்தம். வருகிறவர்கள் பட்டறைக்கு வரட்டும். கிரீஸ் ஒட்டிய நாற்காலியில் உட்காரட்டும். நான் டீ போட்டுக் கொடுத்து நாலு கேள்வி கேட்கிறேன். தன் பங்கை உன் அண்ணன் என் பெயருக்கு எழுதி வைத்தபோது என்னவென்று சொன்னார்? "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினாத்தான் எதுவும் நடக்கணும்." ஞாபகம் இருக்கிறதல்லவா?

அவரிடம் மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. உனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

அண்ணி


13 செப்டம்பர் 2010

தம்பி,

உடனே ஏதாவது செய். போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் தபாலில் விரைவாகப் போகும்படி அனுப்புகிறேன்.

இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் நம் கட்டடங்கள் ஒன்றையும் காணோம். பட்டியலே துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் ஏதோ பிழையாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மூடி மூடித் திறந்தேன். அதற்குள் துணிக்கடை முதலாளி போன் செய்தார். "என்னம்மா, ஒரு வார்த்தை சொல்லாமலேயே எங்களை வேற கம்பெனிக்குத் தள்ளி விட்டுட்டீங்க?" என்றார். எல்லாக் கட்டடக்காரர்களுக்கும் வெள்ளிக்கிழமையே கடிதம் போயிருக்கிறது. இனிமேல் அந்தப் பெரிய நிறுவனம்தான் பராமரிக்குமாம். அடியில் 'ஒப்புதல்: அண்ணி.'

நம் ஆட்களின் போனுக்கும் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. அடுத்த மாதத்தோடு வேலை முடிகிறது, வேண்டுமானால் புது நிறுவனத்துக்கு மனுப் போடலாம் என்று. அதன் அடியிலும் நான்தான்.

ஸ்பேனர் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினான். "அண்ணி, மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. போயிடுங்கடான்னா போயிருப்போம்ல."

"நான் அனுப்பலடா" என்றேன்.

"உங்க பேருதான இருக்கு?"

"எல்லாத்துலயும்தான் என் பேரு இருக்கு. நேத்து நீ எண்ணெய் போட்டதுல யாரு பேரு இருக்கு?"

டீ போட்டு வைத்தேன், ஒருவரும் தொடவில்லை. அத்தனை டம்ளரும் ஆடை கட்டி ஆறிக் கிடந்தன. தம்பி, இந்தக் கைக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

யாரோ உள்ளே நுழைந்து விளையாடியிருக்கிறார்கள். நீ சொன்னதைக் கேட்டுச் சுவரை அழித்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். திட்டிக்கொள், பிறகு திட்டிக்கொள். முதலில் அந்தப் பெரிய நிறுவனத்திடம் இது அண்ணி கொடுத்த ஒப்புதல் இல்லை என்று சொல். நீ சொன்னால் நம்புவார்கள். நீ படித்தவன், அவர்களோடு உட்கார்ந்து பேசியவன். உன்னை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்?

அண்ணி


21 செப்டம்பர் 2010

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சிஸ்டத்தில் சரிபார்த்தேன். வெளியாட்கள் நுழைந்ததாகத் தெரியவில்லை. ஒப்பந்த மாற்றம் எல்லா நிலைகளிலும் முறைப்படியே நடந்திருக்கிறது. இரு பங்குதாரர்களின் ஒப்புதலும் பதிவாகியிருக்கிறது. தாங்கள் தினமும் பல ஒப்புதல்களைத் தருகிறீர்கள். அவற்றில் ஒன்றாக இதையும் கவனிக்காமல் அழுத்தியிருக்க வாய்ப்பு உண்டு. யாரையும் குறை சொல்வதில் பயனில்லை.

நடந்ததை நல்லதாகவே எடுத்துக்கொள்ளலாம். சின்ன நிறுவனங்களை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இன்று இல்லையென்றால் நாளை. நம் ஆட்களில் திறமையானவர்களுக்கு அங்கே வேலை கிடைக்கும். தங்களுக்கும் ஓய்வு கிடைக்கும். அண்ணனுடன் இருக்கலாம்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தங்கள்,
கொழுந்தன்


4 அக்டோபர் 2010

தம்பி,

உன் கடிதத்தை மூன்று நாள் ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தேன். நான்தான் கவனிக்காமல் அழுத்திவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சமையலறையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது, இதை நான்தானா திருகினேன் என்று கையைப் பார்த்தேன். அப்படி ஆக்கிவிட்டாய் என்னை.

வக்கீலிடம் போனேன். அமைதியானவர் என்று எழுதினேனே, அவரேதான். "கணக்கு உங்க பேர்ல. சாவி ஊருக்கே தெரியும். நீங்க அழுத்தலன்னு எதை வெச்சு சொல்வீங்க?" என்றார். அதற்கு மேல் அவரும் உண்மையிலேயே அமைதியாகிவிட்டார்.

பிறகு ஒரு நாள் மதியம் சும்மா அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெறும் பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பதற்றத்தில் நான் பார்க்காத ஒரே ஒரு கட்டடம் மட்டும் அடியில் மிச்சம் இருந்தது. பிழையாக விட்டுப் போயிருக்கும் என்று நினைத்தேன். எந்தக் கட்டடம் என்று படித்தேன்.

எலும்பு டாக்டர் கட்டடம்.

துணிக்கடை போய்விட்டது, பாங்கி போய்விட்டது, பெரிய பெரிய ஓட்டலெல்லாம் போய்விட்டன. மூன்றே மாடி உள்ள, வருமானமே இல்லாத, முனகல் லிஃப்ட் மட்டும் நம்மிடமே இருக்கிறது. எவனோ திருடன் வந்திருந்தால் அதை ஏன் விட்டுவிட்டுப் போகிறான்? அந்த லிஃப்ட் நின்றால் மேலே போக முடியாத ஒரு மனிதர் இருக்கிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நம் ஆட்கள் எல்லாருக்கும் பாஸ்வேர்டு தெரியும். அந்த மனிதரை அண்ணன் என்று கூப்பிடுகிறவன் ஒருவன்தான்.

அங்கே வந்ததும் நிறுத்தியிருக்கிறாய், இல்லையா? எல்லாவற்றையும் எடுத்தவனுக்கு அந்த ஒன்றைத் தொட மனசு வரவில்லை. அந்த ஒரு இரக்கத்தில்தான் நீ அகப்பட்டாய்.

எனக்குத் தலை சுற்றியது கட்டடங்கள் போனதற்காக இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், கடைசியில் ஒருவேளை தலையாட்டியும் இருப்பேன். கேட்காமலே எடுத்தாய், அதையும் விடு. எடுத்ததை உன் பெயரில் எடுத்திருக்கலாமே? என் பெயரில் எடுத்தாய். உன் அண்ணன் விழுந்த அன்று குழிக்குள் இறங்கி அவரைத் தோளில் தூக்கி வந்தவன் ஸ்பேனர். அவன் வீட்டில் சோற்றில் மண்ணைப் போட்டது இந்த அண்ணிதான் என்று அவன் பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கட்டடங்களைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று செய். நம் ஆட்கள் எல்லாருக்கும் "இதைச் செய்தது நான்" என்று சொல். உன் வாயால், உன் பெயரில். அது போதும். மிச்சத்தை அடுத்த முறை நீ வரும்போது, சோறு போட்டுவிட்டுத் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


16 அக்டோபர் 2010

அன்புள்ள அண்ணி,

இதை எத்தனை முறை கிழித்து எழுதினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இப்போது சிரிக்க மாட்டீர்கள்.

ஆமாம். நான்தான்.

இரண்டு பங்குதாரர்களும் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். மாத முடிவுக்குள் வேண்டும் என்றார்கள். நீங்கள் டீ போட்டுக் கொடுத்து நாலு கேள்வி கேட்பீர்கள், அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன். அவர்களிடம் எனக்கு ஒரு பெரிய பதவி இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை. அன்று மதியம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். பெயர் கேட்டது, 'அண்ணி' என்று அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அதை அடிக்கும்போது கை நின்றது. என்னை அந்தப் பெயரில் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. நின்ற கை திரும்ப நகர்ந்துவிட்டது அண்ணி. ஒரு தட்டுத்தான். அவ்வளவு சுலபமாக இல்லாமல் இருந்திருந்தால், ஊருக்கு வந்து உங்கள் முன்னால் காகிதத்தை நீட்ட வேண்டியிருந்தால், நான் செய்திருக்கவே மாட்டேன்.

நீங்கள் கேட்டதைச் செய்கிறேன். இந்த வாரமே எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுகிறேன். சத்தியம்.

அண்ணனுக்குத் தெரியுமா?

எலிக்குஞ்சு


8 நவம்பர் 2010

ஐயா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய செய்தி எல்லார் போனுக்கும் வந்து சேர்ந்தது. ஒரே நேரத்தில் எல்லாப் போனும் கத்தின. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல முடியாது.

அன்று கடைசி நாள் என்று எல்லாரும் தங்கள் சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தார்கள். ஸ்பேனர் உரக்கப் படித்தான். அதை இங்கே எழுதுகிறேன், தங்களுக்கு மறந்திருக்கலாம்.

'வணக்கம். ஒப்பந்த மாற்றம் அண்ணிக்குத் தெரியாமல் நடந்துவிட்டது. அதற்கு அவர் பொறுப்பல்ல. வருந்துகிறோம்.'

அதற்கு அடியில் ஒரு வரி. அதையும் படித்தான்.

'அனுப்பியவர்: அண்ணி.'

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, என்ன செய்ய, நான் அப்படிப்பட்டவள். ஸ்பேனர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணி, இதுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம்" என்றான். எவ்வளவு மெதுவாகச் சொன்னான் தெரியுமா? பரிதாபப்பட்டுச் சொன்னான். தன் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். தாங்கள் எனக்கு எழுதிய கடிதத்தைக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உள்ளே போய் எடுத்துத்தான் வந்தேன். அதன் அடியில் பட்டப்பெயர்தான் இருந்தது, தங்கள் பெயர் இல்லை. கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். என் கொழுந்தன் இப்படி என்று தெருவில் இறங்கி அவன் பின்னால் ஓடிக் காட்ட எனக்குக் கால் வரவில்லை. அந்த வெட்கம் தங்களுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது.

மறதியாக இருக்கும் என்று அன்று ராத்திரிவரை மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னும் தங்களுக்குச் சாக்குத் தேடுகிற மனசு. பிறகு அதனிடம் சொன்னேன்: அந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான். யார் தட்டினாலும் அடியில் என்ன பெயர் விழும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? 'நான்' என்று ஒரு வார்த்தை கேட்டேன். 'நடந்துவிட்டது' என்று வந்தது. திருடியதற்கு என் பெயர். மன்னிப்புக்கும் என் பெயர்.

தங்கள் அண்ணனுக்குத் தெரியும். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படிக்குக் கீழே, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். எலும்பு டாக்டர் கட்டடத்தை மட்டும் விட்டுவைத்ததைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அதையும் குடுத்துடு" என்றார்.

"அந்த லிஃப்ட்டை அவங்க பாத்துக்க மாட்டாங்க. நின்னுச்சுன்னா நீங்க எப்படிப் போவீங்க?"

"நின்னா என்ன, நிக்காட்டி என்ன? அதுல இனி ஏற மாட்டேன். படி இருக்குல்ல."

நேற்று படியில்தான் போனோம். அவர் கைப்பிடிச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையால் என்னை. முதல் மாடியில் உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது. "கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு நேரம் என் கையைப் பிடிக்கலையே நீங்க" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவர் அழுதார். இத்தனை வருஷத்தில், குழியில் விழுந்த அன்றுகூட, அழுது பார்த்ததில்லை. பக்கத்தில் அந்தக் கிழட்டு லிஃப்ட் யாரையோ ஏற்றிக்கொண்டு முனகியபடி மேலே போனது.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். எலும்பு டாக்டர் கட்டடத்தையும் தங்கள் நிறுவனமே எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, என் கையாலேயே எழுதியது. எல்லாவற்றிலும் இந்த ஒன்றுக்குத்தான் நிஜமாகவே நான் ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். அடியில் என் சொந்தப் பெயரைப் போட்டிருக்கிறேன். யாருடைய பெயர் இது என்று தங்கள் ஆட்கள் கேட்டால் குழம்பாதீர்கள். தாங்கள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சுவரில் எழுதியிருந்ததை அழித்துவிட்டேன். ஈரத்துணியால் துடைத்தேன். சாக்பீஸ்தானே, உடனே போய்விட்டது.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் மனைவி